நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களில் மணமும் உறவுமுறைச் சட்டமும் (1621–1695)

முன்னுரை

வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய ஆங்கிலேயச் சீர்திருத்தக் கிறித்தவர்கள் திருமணத்தைத் திருச்சபையின் அருளடையாளமாகக் கருதவில்லை. குடிமை ஒப்பந்தமாகவே கொண்டனர். ஆயினும், யார் யாரை மணக்கலாம் என்னும் வினா எழுந்தபோது அவர்தம் சட்டமன்றம் மறைநூலையே நாடியது. இம்முரணை இக்கட்டுரை ஆராய்கிறது.

குடிமை மணம்

பிளிமத் குடியேற்றத்தின் முதல் திருமணம் 1621 மே 12 அன்று நடைபெற்றது. மணமகன் எட்வர்டு வின்ஸ்லோ அவ்வாண்டு மார்ச்சில் மனைவியை இழந்தவர். மணமகள் சூசன்னா ஒயிட் பிப்ரவரியில் கணவரை இழந்தவர். முதல் குளிர்காலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டுபோன சூழலில், மறுமணம் குழந்தைகளையும் குடும்பத்தையும் காக்கும் வழியாயிற்று. மணத்தை நடத்தியவர் மதகுரு அல்லர், குடிமை அதிகாரி. இதற்கு ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு காட்டும் காரணங்களுள் இரண்டு: அவர்கள் முன்பு வாழ்ந்த ஒல்லாந்தின் வழக்கம், சொத்துரிமைச் சிக்கல்கள் பல திருமணத்தைச் சார்ந்திருத்தல். மதகுருவாக இல்லாமல் மணம் நடத்தி வைத்ததும் ஒரு காரணமாகப் பின்னாளில் வின்ஸ்லோ இலண்டனில் சிறைப்பட்டார்.

1695ஆம் ஆண்டுச் சட்டம்

மாசசூசெட்ஸில் 1692 முதல் மதகுருமாரும் மணம் நடத்தலாயினர். 1695இல் தகாமணத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இறந்த மனைவியின் உடன்பிறந்தாளை மணப்பதையும் அது தடுத்தது. லேவியராகமம் சகோதரனின் மனைவியை விலக்குவதால், அதற்கு இணையான மனைவியின் சகோதரியும் விலக்கப்பட்டவளே என்பது மதகுருமார் வாதம். மனைவி உயிரோடிருக்கையில் மட்டுமே அந்நூல் அவளை வெளிப்படையாக விலக்குகிறது என்பது மாற்றுரை. சாமுவேல் சீவல் தம் நாட்குறிப்பில், சட்டமன்றக் கீழவையில் ஆதரவு 27, எதிர்ப்பு 24 எனப் பதிவு செய்துள்ளார். மதகுருமாரின் தலையீடு இல்லையேல் சட்டம் நிறைவேறியிராது என்பது அவர் கருத்து.

வரம்பு மீறியோர் கழுத்தில் கயிற்றுடன் தூக்குமேடையில் ஒரு மணிநேரம் நிறுத்தப்பட்டனர்; 40 வரை கசையடியும் உண்டு. தகாவுறவைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான ‘ஐ’யை வாழ்நாள் முழுதும் ஆடையில் அணியவேண்டும். அவர்தம் பிள்ளைகள் வாரிசுரிமை இழந்தனர். ஆனால் உடன்பிறந்தார் மக்கள் தம்முள் மணப்பதை இச்சட்டம் தடுக்கவில்லை.

முடிவுரை

குருதியுறவான ஒரு மணம் ஏற்கப்பட, மணவழி வந்த உறவு குற்றமாயிற்று. கணவனும் மனைவியும் ஓருடல் என்னும் கோட்பாடு மனைவியின் சுற்றத்தைக் கணவனின் குருதிச் சுற்றமாக்கியதே இதற்கு அடிப்படை. சடங்கைத் திருச்சபையிடமிருந்து பிரித்த குடியேறிகள் உறவின் இலக்கணத்தைப் பிரிக்கவில்லை. அதன் சுமை, தாயை இழந்த குழந்தைகளைச் சிற்றன்னை பேணிய இல்லங்களின்மீதும், குற்றமறியாப் பிள்ளைகளின்மீதும் விழுந்தது.