கருத்தரிப்புச் சிகிச்சைக்கான ஹார்மோன் ஊசிகள்: வீட்டில் போட்டுக்கொள்வோர் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

புதுடெல்லி: ஐவிஎஃப் எனப்படும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில், கருமுட்டைகளை வெளியே எடுப்பதற்கு முன்பாகப் பெண்ணுக்கு ஏறத்தாழ 8 முதல் 14 நாட்கள் வரை தினமும் ஹார்மோன் ஊசி செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு ஊசிக்கும் மருத்துவமனைக்குச் சென்று வருவது பலருக்கு இயலாத காரியம். எனவே, மருந்துகள் பெட்டியில் வைத்து வீட்டிற்குக் கொடுத்தனுப்பப்படுகின்றன. அவற்றைக் கலப்பது, அளப்பது, செலுத்துவது ஆகிய மூன்றும் வீட்டிலேயே நடைபெறுகின்றன.

ஊசி குத்துவதைப் பற்றிய அச்சமே பலரிடம் மேலோங்கி இருக்கிறது. ஆனால், குத்துவது இதில் எளிதான பகுதி. சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை அளவிலும் நேரத்திலும் நிகழும் பிழைகளே.

எந்த ஊசி எதற்காக?

இயற்கையாக ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் பெரும்பாலும் ஒரு கருமுட்டை மட்டுமே முதிர்ச்சி அடைகிறது. எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனை ஊசி மூலம் கூடுதலாகச் செலுத்தும்போது, சினைப்பையில் ஒரே நேரத்தில் பல கருமுட்டைகள் வளர்கின்றன. வழக்கமாக மாதவிடாயின் 2 அல்லது 3ஆவது நாளில் இந்த ஊசி தொடங்கப்படும். சில நாட்களுக்குப் பிறகு, முட்டைகள் உரிய காலத்திற்கு முன்பே வெளியேறிவிடாமல் தடுக்கும் செட்ரோரெலிக்ஸ் அல்லது கனிரெலிக்ஸ் போன்ற இரண்டாவது ஊசி சேர்க்கப்படலாம். முட்டைகள் போதிய அளவு வளர்ந்தபின், அவற்றை முதிரச் செய்யும் கடைசி ஊசி போடப்படுகிறது. இதுவே 'டிரிக்கர்' ஊசி என்று அழைக்கப்படுகிறது.

இந்த மருந்துகளின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடமுண்டு. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்த நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்காக மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் ஊசியைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை, ஊசி எதுவுமின்றி இயற்கைச் சுழற்சியில் கிடைத்த ஒற்றை முட்டையிலிருந்து உருவானது என்பது குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் இந்த ஹார்மோன், மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் அவ்வகை மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. ஆய்வகத்தில் உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்படுபவையும் உள்ளன.

'யூனிட்' என்ற சொல் ஏற்படுத்தும் குழப்பம்

எஃப்எஸ்எச் மருந்தின் அளவு 75, 150, 225 எனச் சர்வதேச யூனிட்டில் எழுதப்படுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலினும் யூனிட்டில்தான் அளக்கப்படுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை வெவ்வேறு அளவுகள். இன்சுலின் சிரிஞ்சில் அச்சிடப்பட்டுள்ள கோடுகள் இன்சுலினுக்கு மட்டுமே பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, தூள் வடிவில் வரும் 75 யூனிட் குப்பிகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக 1 மில்லி லிட்டர் கரைப்பானில் கரைத்தால், அந்த 1 மில்லி லிட்டர் முழுவதிலும் இருப்பது 225 யூனிட். மருத்துவர் 225 யூனிட் எழுதியிருந்தால் முழுவதையும் செலுத்த வேண்டும். சிரிஞ்சில் 225 என்ற கோட்டைத் தேடுவதில் பொருளில்லை.

நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. மருந்துக் கடைகளில் இரு வகை இன்சுலின் சிரிஞ்சுகள் விற்கப்படுகின்றன. சிவப்பு மூடி கொண்டதில் 1 மில்லி லிட்டருக்கு 40 கோடுகள். ஆரஞ்சு மூடி கொண்டதில் 100 கோடுகள். சில சிகிச்சை முறைகளில் தரப்படும் லியூப்ரோலைடு மருந்து, 1 மில்லி லிட்டரில் 5 மில்லி கிராம் செறிவு கொண்டது எனக் கொள்வோம். '20 கோடு வரை எடுங்கள்' என்று கூறப்பட்டால், 100 கோடு சிரிஞ்சில் அது 0.2 மில்லி லிட்டர், அதாவது 1 மில்லி கிராம் மருந்து. அதே 20 கோட்டை 40 கோடு சிரிஞ்சில் எடுத்தால் 0.5 மில்லி லிட்டர் வரும். உடலுக்குள் செல்வது 2.5 மில்லி கிராம், இரண்டரை மடங்கு.

ஆகவே, சீட்டில் 'யூனிட்' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் எத்தனை மில்லி லிட்டர், எந்தச் சிரிஞ்சு என்பதைச் செவிலியரிடம் கேட்டு அருகிலேயே எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பானது. மருந்துடன் சேர்ந்து வரும் சிரிஞ்சுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் வேறொன்றைப் பயன்படுத்தக் கூடாது. பேனா வடிவ ஊசிகளில் இந்தக் குழப்பம் குறைவு. எனினும், பேனாவில் மருந்து தீர்ந்து முழு அளவும் செல்லாதபோது, செலுத்தப்படாமல் எஞ்சிய அளவை அதன் எண் சாளரம் காட்டும் வகைகள் உள்ளன. ஊசி போட்டபின் அது பூஜ்ஜியத்திற்கு வந்துள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

செலுத்தும் முறை

பெரும்பாலான ஊசிகள் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் போடப்படுபவை. தொப்புளிலிருந்து சுமார் 5 சென்டி மீட்டர் தள்சி வயிற்றுப் பகுதியில், நாள்தோறும் இடம் மாற்றிப் போட வேண்டும். தூள் மருந்தைக் கரைக்கும்போது குப்பியைக் குலுக்கினால் நுரை வரும். மெதுவாகச் சுழற்றினால் போதும். கலக்கப் பயன்படுத்திய தடித்த ஊசியைக் கழற்றிவிட்டு, மெல்லிய ஊசியை மாற்றியபின் செலுத்த வேண்டும். அருகிலுள்ள கிளினிக்கில் ஒருவரைக்கொண்டு போட்டுக்கொள்பவர்கள், 'தோலுக்கு அடியிலா, தசையிலா' என்பதைக் குறிப்பிடும் சீட்டை மறவாமல் காட்ட வேண்டும். கருமுட்டை எடுத்தபின் தரப்படும் எண்ணெய் வடிவ புரோஜெஸ்டிரான் ஊசி தசையில் போடப்படுவது. அதில் எள் எண்ணெய் அல்லது வேர்க்கடலை எண்ணெய் இருக்கக்கூடும் என்பதால், அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பிரிக்கப்படாத எஃப்எஸ்எச் பேனாக்கள் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்கப்பட வேண்டியவை. குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைக்கக் கூடாது. உறைந்த மருந்து பயன்படாது. சில குப்பிகளை 'அறை வெப்பநிலையில்' வைக்கலாம் என்று அட்டையில் இருக்கும். அது பெரும்பாலும் 25 டிகிரிக்கு மிகாத வெப்பநிலையைக் குறிக்கிறது. மே மாதத்து நாக்பூரிலோ டெல்லியிலோ உள்ள ஓர் அறையை அது குறிக்கவில்லை.

டிரிக்கர் ஊசி: கடிகாரம் முக்கியம்

மற்ற ஊசிகளைத் தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போட்டால் போதும். டிரிக்கர் ஊசியில் நிமிடக் கணக்கு பார்க்கப்படுகிறது. அந்த ஊசி போட்ட 34 முதல் 36 மணி நேரத்திற்குள் கருமுட்டைகள் எடுக்கப்பட வேண்டும். திங்கட்கிழமை இரவு 10.30 மணிக்கு ஊசி எனில், புதன்கிழமை காலை 9.30 மணிக்கு 35 மணி நேரம் நிறைவடைகிறது. ஊசி தாமதமானால் முட்டைகள் முதிராமல் போகலாம். முன்கூட்டியே போட்டுவிட்டால் அவை எடுப்பதற்கு முன்பே வெளியேறிவிடலாம். இரு வகையிலும் அதுவரை போட்ட ஊசிகளும் செலவிட்ட பணமும் வீணாகும்.

தூங்கிவிட்டதாலோ மின்தடையாலோ ஓரிரு மணி நேரம் தவறிவிட்டால், அதை மறைக்காமல் அந்த இரவிலேயே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். முட்டை எடுக்கும் நேரத்தை மாற்றி அமைக்க அவர்களால் இயலும். திட்டுவார்கள் என்று அஞ்சிச் சொல்லாமல் விடுவதுதான் சரிசெய்ய முடியாத பிழை. மற்ற ஊசிகளில் ஒருநாள் தவறினாலும் மறுநாள் இரு மடங்காகப் போட்டுக்கொள்ளக் கூடாது. கேட்ட பின்னரே அடுத்ததைப் போட வேண்டும்.

டிரிக்கர் ஊசியிலும் வகைகள் உண்டு. சிலருக்கு எச்சிஜி, சிலருக்கு வேறு மருந்து எழுதப்படுகிறது. அதற்கு வலுவான காரணம் இருப்பதால், 'இரண்டும் ஒன்றுதான்' என்று கடைக்காரர் மாற்றித் தந்தால் ஏற்கக் கூடாது.

எச்சரிக்கை அறிகுறிகள்

அந்தக் காரணம், சினைப்பை மிகைத் தூண்டல் எனப்படும் பாதிப்பு. ஊசிகளுக்குச் சினைப்பைகள் அளவுக்கு மீறி வினைபுரிந்து வீங்கும்போது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும், கடுமையான நிலையில் நுரையீரலைச் சுற்றியும் சேர்கிறது. இரத்தம் கெட்டிப்பட்டுக் குழாய்களில் உறையும் அபாயமும் உண்டு. இதைத் தூண்டிவிடுவதில் எச்சிஜிக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. இளம் வயதினர், பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள், ஸ்கேனில் அதிக முட்டைகள் தென்பட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு மாற்று டிரிக்கர் ஊசி தருவதும், கருவை உடனே கருப்பையில் வைக்காமல் உறைநிலையில் சேமிப்பதும் அபாயத்தைக் குறைக்கும் வழிகள்.

லேசான வயிற்று உப்புசமும் வலியும் பலருக்கும் வரும். ஆனால் ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேல் எடை கூடுதல், சிறுநீர் குறைந்து அடர்நிறமாதல், நிற்காத வாந்தி, கடும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் அல்லது கை மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இந்நிலை டிரிக்கர் ஊசி போட்ட சில நாட்களிலும் வரலாம். கர்ப்பம் தரித்தால் 10 நாட்களுக்குப் பிறகும் வரலாம்.

சிகிச்சை பெருநகரத்திலும் வீடு சிற்றூரிலும் இருப்பவர்கள் அவசரத்திற்கு அருகிலுள்ள மருத்துவமனைக்கே செல்ல நேரிடும். அங்கு முதலில் சொல்ல வேண்டியது, கருத்தரிப்புக்கான ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் செய்தியை. கூச்சத்தால் அது மறைக்கப்பட்டால், வாயுத் தொல்லை என்று கருதி மாத்திரை தந்து அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. மருந்துகளின் பெயரும் தேதியும் எழுதிய தாளைக் கையில் வைத்திருப்பது நல்லது. வீக்கத்திற்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளையோ, ஐபுபுரூஃபன் வகை வலி நிவாரணிகளையோ தாமாக உட்கொள்ளக் கூடாது.

சட்டம் சொல்வது என்ன?

2022ஆம் ஆண்டு ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற மையங்கள் மட்டுமே இச்சிகிச்சையை அளிக்க முடியும். 21 முதல் 50 வயது வரையுள்ள பெண்களும், 21 முதல் 55 வயது வரையுள்ள ஆண்களும் சிகிச்சை பெறலாம். பிறருக்காகக் கருமுட்டை தானம் செய்யும் பெண்ணும் இதே ஊசிகளைத்தான் போட்டுக்கொள்கிறார் என்பது பலர் கவனத்திற்கு வருவதில்லை. அவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே தானம் செய்யலாம். 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தருவது தானம் பெறுவோரின் பொறுப்பு.

பயன்படுத்திய ஊசிகளை வீட்டுக் குப்பையில் வீசினால் தூய்மைப் பணியாளர்களின் கைகளில் குத்தும். கெட்டியான, மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அடுத்த ஸ்கேனுக்குச் செல்லும்போது சிகிச்சை மையத்தில் ஒப்படைக்கலாம். மேலும், எச்சிஜி டிரிக்கர் ஊசி போட்டவர்கள் அடுத்த 10 முதல் 14 நாட்களுக்குள் வீட்டில் கர்ப்பப் பரிசோதனை செய்தால், ஊசியில் இருந்த ஹார்மோனே இரண்டு கோடுகளைக் காட்டிவிடக்கூடும். எனவே, மருத்துவர் குறித்துத் தந்த நாளில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையின் முடிவையே ஏற்க வேண்டும்.