லிஸ்ப் வகை மொழிகளில் வரையெல்லையும் தொகுதி இறக்குமதியும்

வரையெல்லை என்பது நிரலில் ஒரு பெயர் எந்தப் பகுதிக்குள் செல்லுபடியாகும் என்பதைத் தீர்மானிக்கும் விதி. இறக்குமதி என்பது வேறொரு தொகுதியில் வரையறுத்த பெயர்களை நடப்புத் தொகுதியின் வரையெல்லைக்குள் கொண்டுவரும் ஏற்பாடு. இந்த வரியில் உள்ள இந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்ற ஒரே கேள்விக்குத்தான் இரண்டும் விடை சொல்கின்றன. 1958இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்பும் அதன் வழிவந்த ஸ்கீம், காமன் லிஸ்ப், ராக்கெட், குளோஜர் ஆகியவையும் இக்கேள்வியை ஆழமாக ஆராய்ந்த மொழிகள். தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் வரையெல்லை ஒரு தனிப் பாடம்.

இருவகை வரையெல்லை

தொடக்ககால லிஸ்ப் இயங்குநிலை வரையெல்லையைப் பின்பற்றியது. செயற்கூறு எங்கிருந்து அழைக்கப்படுகிறதோ அங்குள்ள மதிப்பே அதற்குக் கிடைக்கும். 1975இல் ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம் உரைசார் வரையெல்லைக்கு மாறியது. அதில் செயற்கூறு எங்கே எழுதப்பட்டதோ அங்குள்ள மதிப்புதான் செல்லும். செங்கல்பட்டில் உள்ள கொளவாய் ஏரியின் நீர்மட்டத்தைச் சொல்லும் சிறு நிரலை எடுத்துக்கொள்ளலாம், எண்கள் கற்பனையானவை.

(வரையறு மட்டம் 10)
(வரையறு (காட்டு) மட்டம்)
(வை ((மட்டம் 3)) (காட்டு))

மூன்றாம் வரி ‘மட்டம்’ என்ற பெயருக்குத் தற்காலிகமாக 3 என்ற மதிப்பைத் தந்து ‘காட்டு’ செயற்கூற்றை அழைக்கிறது. உரைசார் விதிப்படி விடை 10. இயங்குநிலை விதிப்படி 3. முதல் விதியில் நிரலைப் படித்தே விடையைச் சொல்லிவிடலாம். இரண்டாவதில் யார் அழைத்தார்கள் என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும். பெரிய நிரல்களில் இந்த வேறுபாடு பிழை தேடும் உழைப்பைப் பெருமளவு கூட்டும் அல்லது குறைக்கும். 1984இல் ஸ்டீலின் நூல் வழியே வடிவம் பெற்ற காமன் லிஸ்ப், உரைசார் விதியை இயல்பாகக் கொண்டு, சிறப்பு என்று அறிவித்த மாறிகளுக்கு மட்டும் இயங்குநிலை விதியை வைத்துக்கொண்டது.

ஆட்டோலிஸ்ப்

மறைமலை நகர்த் தொழிற்பேட்டையிலோ செங்கல்பட்டிலோ ஆட்டோகேடில் வரைபடம் போடுபவருக்கு மிக அருகில் இருக்கும் லிஸ்ப், அம்மென்பொருளுடன் வரும் ஆட்டோலிஸ்ப். இது இன்றும் இயங்குநிலை வரையெல்லை கொண்டது. செயற்கூற்றின் உள்ளமை மாறிகளை, அளபுருக்களுக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு, அதை அடுத்து அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்ட மாறி, செயற்கூறு முடிந்த பிறகும் திறந்திருக்கும் வரைபடத்தில் தங்கிவிடும். அதே பெயரைக் கையாளும் இன்னொரு கட்டளையின் கணக்கைக் கெடுக்கும். வேறொரு கோப்பை ஏற்றும்போதும் அதன் பெயர்கள் அனைத்தும் பொதுவெளியில் கொட்டும். தொகுதி முறை எதற்குத் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

தொகுதியும் இறக்குமதியும்

தொகுதி தனக்கென ஒரு வரையெல்லை கொண்டது. ஏற்றுமதிப் பட்டியலில் உள்ள பெயர்கள் மட்டுமே வெளியே தெரியும். ஸ்கீமில் இம்முறை 2007இன் ஆர்6ஆர்எஸ், 2013இன் ஆர்7ஆர்எஸ் வரையறைகளில் நிலைபெற்றது. ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுக்கு ஒரு தொகுதி, மாமல்லபுரம் கடற்கரைக்கு ஒரு தொகுதி என்று எழுதினால், இரண்டும் ‘மட்டம்’ என்ற பெயரை ஏற்றுமதி செய்யக்கூடும். இரண்டையும் அப்படியே இறக்கினால் ஆர்6ஆர்எஸ் அதைப் பிழையாகக் கொள்ளும். மோதலைத் தவிர்க்க நான்கு வழிகள் உண்டு.

• குறிப்பிட்ட பெயர்களை மட்டும் இறக்குதல்
• சில பெயர்களை விலக்கி மற்றவற்றை இறக்குதல்
• எல்லாப் பெயர்களுக்கும் முன்னொட்டு சேர்த்தல்: ஏரி-மட்டம், கடல்-மட்டம்
• தனிப்பெயரை மாற்றி இறக்குதல்

இறக்கிய மாறிக்குப் புதிய மதிப்பைத் தர இறக்குமதி செய்த தொகுதிக்கு உரிமையில்லை. ஆர்6ஆர்எஸ்ஸில், ஏற்றுமதியான மாறியை அதை வரையறுத்த தொகுதியும் அப்படி மாற்ற முடியாது. காமன் லிஸ்பின் பொதிகளோ மாறிகளைப் பிரிப்பதில்லை, குறியீட்டுப் பெயர்களையே பிரிக்கின்றன. ஒரு முக்காற்புள்ளி ஏற்றுமதியான பெயரையும், இரண்டு முக்காற்புள்ளிகள் உட்பெயரையும் எட்டும். 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜரில் தொகுதியின் இடத்தில் வரும் பெயர்வெளிக்குச் சுருக்கப் பெயர் சூட்டி அழைப்பது வழக்கம்.

மாக்ரோக்கள்

லிஸ்ப் தொகுதிகள், நிரல் துண்டுகளை உருவாக்கித் தரும் மாக்ரோக்களையும் ஏற்றுமதி செய்கின்றன. மாக்ரோ விரிந்து உருவாகும் நிரலில் உள்ள பெயர்கள், அழைத்த இடத்தின் பெயர்களோடு தற்செயலாகச் சிக்கிக்கொள்ளக் கூடாது. இதற்கு 1986இல் கோல்பெக்கர், ஃபிரீட்மன், ஃபெலைசன், டூபா ஆகியோர் வழி வகுத்தனர். இதன் வளர்ச்சியாக, ஏற்றுமதி ஆகாத உட்செயற்கூற்றை மாக்ரோ பயன்படுத்தினாலும், அது தன் சொந்தத் தொகுதியிலேயே அதைக் கண்டுகொள்ளும். மாக்ரோவுக்கான இறக்குமதி நிரல் விரியும்போது தேவையா, இயங்கும்போது தேவையா என்ற கட்டப் பிரிவினையை மாத்யூ ஃபிளாட் 2002இல், இன்று ராக்கெட் எனப்படும் மொழியின் தொகுதி முறைக்காக வகுத்தார்.

தமிழ்ப் பெயர்கள்

ஆர்6ஆர்எஸ் ஒருங்குறி எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கிறது. உயிர்க்குறிகளும் புள்ளியும் முதலெழுத்தை அடுத்து வரலாம். ஸ்கீமில் அடிப்படைச் சொற்களும் நூலகத்திலிருந்து இறக்கப்படுபவையே. ஆகவே பெயர்மாற்ற இறக்குமதியால் மேலே கண்ட ‘வரையறு’, ‘வை’ போன்ற தமிழ்ச் சொற்களை மொழியின் சொற்களாகவே ஆக்கலாம். முத்து அண்ணாமலையின் ‘எழில்’ போன்ற தமிழ் நிரல்மொழிக்குத் தனி மொழிபெயர்ப்பி எழுத வேண்டியிருந்தது. ஸ்கீமில் சொற்களைத் தமிழாக்க ஒரு சிறு நூலகமே போதும். நூலகத்தை அறிவிக்கும் சொல், ஏற்றுமதி, இறக்குமதிச் சொற்கள் போன்றவை மட்டும் மாறாமல் இருக்கும். பிழைச் செய்திகளும் ஆங்கிலத்திலேயே வரும். அவற்றையும் தமிழாக்கித் தந்தால், தமிழ்வழியில் படிக்கும் மாணவர் முதல் நிரலைத் தம் மொழியிலேயே எழுதித் திருத்த முடியும்.