சட்டாம்பிள்ளையும் சீனியரும்: முதலாமாண்டு வழிகாட்டலில் பயிற்சியின் இடம்

பகடிவதையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதிகள் என்றாலே தண்டனைப் பிரிவுகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் அவற்றில் உண்டு. தாமாக முன்வரும் மாணவர்களைக் கொண்டு ஒவ்வொரு கல்லூரியும் வழிகாட்டிக் குழு அமைக்க வேண்டும். புதியவர் ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி, அத்தகைய வழிகாட்டிகள் ஆறு பேருக்கு மேல்நிலையில் ஒருவர். எத்தனை பேர் என்று கணக்குச் சொன்ன விதி, அவர்களை எப்படிப் பழக்குவது என்பதை வகுக்கவில்லை. ஓராண்டு முன்னால் சேர்ந்திருப்பதே வழிகாட்டப் போதுமான தகுதி என்ற நம்பிக்கை நம் கல்லூரிகளில் ஊறிக் கிடக்கிறது. என் வாதம் இதற்கு நேர் எதிரானது: பயிற்சி முதலில் கைவைக்க வேண்டியதே அந்த மூப்பில்தான்.

மாணவரே மாணவருக்குச் சொல்லித்தருவது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டு, மூத்த சிறுவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் அது பரவியதற்கு முக்கியக் காரணம் செலவுக் குறைவு: நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும். அது தேய்ந்ததற்கான காரணமும் அதிலேயே இருந்தது. தான் ஒப்பித்ததை மற்றவரையும் ஒப்பிக்க வைப்பதற்கு மேல் சட்டாம்பிள்ளையால் போக முடியவில்லை. பயிற்சி பெறாத நம் சீனியரும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறார்.

தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நான் பணியாற்றியபோது கண்டது இது. முதல் பருவக் கணிதம்; கேலி-ஹாமில்டன் தேற்றத்தைக் கொண்டு இன்வர்ஸ் காணும் கணக்கு. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவி பாதியில் நின்றுவிட்டாள். உதவிக்கு வந்த இரண்டாமாண்டு மாணவி நல்ல பிள்ளை, அக்கறையோடுதான் வந்தாள். "இங்க கொடும்மா" என்று பேனாவை வாங்கி நான்கு நிமிடத்தில் முழுவதையும் போட்டுக் காட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றாள். "புரிஞ்சுதுக்கா." புரியவில்லை என்பது மறுநாள் வகுப்பில் தெரிந்தது. அடுத்த வாரம் அதே மேசையில் வேறொருத்தி உட்கார்ந்தாள். அவள் பேனாவைத் தொடவில்லை. "பிளஸ் டூல இன்வர்ஸுக்கு என்ன பேரு சொல்வீங்க?" என்று மட்டும் கேட்டாள். சற்று யோசித்துவிட்டு, "நேர்மாறு அணியாக்கா?" என்றது பிள்ளை. அப்புறம் கை தானாக ஓடியது. அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. கணக்கின் பெயர்தான் மாறியிருந்தது.

தொழிற்கல்விச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-இல் வந்தபின் இப்படிப்பட்ட பிள்ளைகளின் வரவு கூடியிருக்கிறது. அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு முதல் பருவத்திலேயே அரியரோடு தவிக்க விடுவது அநீதி என்பேன்.

பேனாவைத் தொடாத அந்தப் பண்பைப் பழக்கித்தான் கொண்டுவர முடியும். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகக் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைப்பயிற்றல் முறை இதற்கு நல்ல முன்மாதிரி. அது 'பலவீனமான மாணவர்' என்று யாரையும் பிரிப்பதில்லை. பலர் தோற்கும் கடினமான பாடங்களையே அடையாளம் காண்கிறது. அதனால் உதவி தேடி வருவது தலைகுனிவு ஆவதில்லை. அந்தப் பாடத்தில் நன்கு தேறிய மாணவர் மறுபடியும் அதே வகுப்பில் உட்கார்ந்து கேட்கிறார். பிறகு கூட்டாகப் படிக்கும் அமர்வை நடத்துகிறார். அங்கே விரிவுரை கிடையாது, கேட்ட கேள்வியைக் குழுவிடமே திருப்பிவிடுவதுதான் அவர் கற்றுக்கொள்ளும் முதல் பாடம்.

நம் சூழலில் இதற்கு மேலும் ஒன்று தேவை. நம் பிள்ளைகள் சீனியரை 'அண்ணா', 'அக்கா' என்றுதான் அழைக்கிறார்கள். அந்த அழைப்பில் நெருக்கம் உண்டு. எதிர்த்துப் பேசாத பணிவும் உண்டு. சிதம்பரத்தில் 1996-இல் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதை அடுத்து, 1997-இல் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றியது. அந்தக் கொடுமையையும் கனிவான அறிவுரையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆயினும் இரண்டுக்கும் வழிவிடுவது, மூத்தவர் சொன்னால் கேட்டாக வேண்டும் என்ற அதே பழக்கம். "புரிஞ்சுதுக்கா" என்ற பதிலை நம்பாமல், "எங்க, நீ எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்கச் சீனியரைப் பழக்க வேண்டும்.

பேச்சு பாடத்தைத் தாண்டும் நேரமும் வரும். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்று இரவு பதினொரு மணிக்கு விடுதிப் படிக்கட்டில் ஒரு பிள்ளை அழுதால், பத்தொன்பது வயதுப் பெண் உடனே சத்தியம் செய்துவிடுவாள். அங்கேதான் அவள் தனியாக மாட்டிக்கொள்கிறாள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்வேன், உன்கூடவே வருவேன்" என்று சொல்லும் வாக்கியத்தை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். எந்தப் பேராசிரியரைத் தட்டி எழுப்பலாம், மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416-ஐ எப்போது அழைப்பது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடியாக இருக்க வேண்டும்.

மிசௌரியில் அமர்வு நடத்தும் மாணவருக்கு ஊதியம் உண்டு. இங்கே சான்றிதழோடு முடித்துக்கொள்கிறோம். மதிப்பீட்டுப் புள்ளியோ உதவித்தொகையோ தராமல், ஆசிரியர் பணியிடங்களையும் காலியாக வைத்துக்கொண்டு சீனியரை அந்த இடத்தில் நிறுத்தினால், எழும்பூரின் சிக்கன முறையையே இன்னொரு பெயரில் நடத்துகிறோம். வழிகாட்டிக் குழு அமைக்கும் கல்லூரி அதற்கான பயிற்சி நாள்களையும், பொறுப்பேற்கும் ஆசிரியரின் பெயரையும், மாணவருக்குத் தரும் தொகையையும் கல்வியாண்டு தொடங்குமுன் எழுத்தில் வெளியிட வேண்டும்.