94-இல் நின்ற எண்

சென்ற காலாண்டில் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'நாம் பணம் கட்டுவது 300 எம்பிபிஎஸ் வேகத்துக்கு, கிடைப்பது 94' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எழுதி ஒட்டியவன் நான்தான். அதைப் படித்துவிட்டு உங்களில் சிலர், லைன் பார்க்க வரும் தம்பியை கேட்டிலேயே நிறுத்திச் சத்தம் போட்டதும் எனக்குத் தெரியும். அந்த 94 எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

வேகத்தை அளந்தது சங்க அறை டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பலகை. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். பெயர் ராஸ்பெர்ரி பை 3. இந்த வரிசையின் முதல் பலகை 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதைக் கண்டு கவலைப்பட்ட எபன் அப்டனும் நண்பர்களும் தொடங்கிய முயற்சி அது. 1980-களில் பிரிட்டிஷ் பள்ளிகளில் இருந்த பிபிசி மைக்ரோ கணினியின் நினைவாகத்தான் இதற்கும் மாடல் ஏ, மாடல் பி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக வேண்டும், உடைத்தாலும் பெற்றோர் பதறக்கூடாது. நோக்கம் அவ்வளவுதான். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் கருவியாக யாரும் இதைச் செய்யவில்லை.

விலையைக் குறைக்க அவர்கள் எடுத்த சிப்பில் நெட்வொர்க் கேபிளுக்கு என்று தனி வழி கிடையாது. இருந்தது ஒரே ஒரு யூஎஸ்பி வழி. பக்கத்தில் ஒரு துணைச் சிப்பை வைத்து, அந்த ஒரு வழியிலேயே கேபிளையும் பென் டிரைவையும் கீபோர்டையும் சேர்த்து அனுப்பினார்கள். நாலு குடித்தனத்துக்கு ஒரே குழாய் போல. கேபிள் சாக்கெட்டின் உச்ச வேகமும் 100 எம்பிபிஎஸ்தான். 2016 பிப்ரவரி 29 அன்று வந்த பை 3-இல் வைஃபை புதிதாகச் சேர்ந்தது, ஆனால் கேபிள் வேகம் அதே 100-இல் நின்றது. 2018 மார்ச்சில் வந்த 3 பி பிளஸ் பெட்டியில் ஜிகாபிட் என்று போட்டிருந்தாலும், உள்ளே அதே பழைய யூஎஸ்பி 2 வழிதான். அதனால் 300 சொச்சத்துக்கு மேல் ஏறாது. இதைத் தயாரிப்பாளர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். 2019 ஜூனில் வந்த பை 4-இல்தான் கேபிளுக்குத் தனி வழி கிடைத்து, எண் 940-ஐத் தொட்டது.

100 என்றால் ஏன் 94? இதை நான் நிதானமாக யோசித்திருந்தால் அந்தத் தாளையே ஒட்டியிருக்க மாட்டேன். கேபிளில் தரவு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலமும் உறை, முகவரி, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கேபிளில் 1538 பைட் இடம் பிடிக்கும். உள்ளே இருக்கும் சரக்கு 1448 பைட். வகுத்துப் பாருங்கள், 94.1 சதவீதம். ஆகவே 100 எம்பிபிஎஸ் கேபிள் நூறு சதவீதம் ஒழுங்காக வேலை செய்தால் வரும் எண் 94. குறை என்று நான் காட்டிய எண், உண்மையில் அந்தப் பலகை தன்னால் முடிந்ததை முழுவதும் செய்ததற்கான அடையாளம்.

(இந்திய அரசின் 2004 பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட். அன்றைக்கு 94 எம்பிபிஎஸ் வந்திருந்தால் சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்போம்.)

அளக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983-இல் பிங் என்ற நிரலை எழுதினார். இன்றும் எல்லாரும் பயன்படுத்துவது அது. பிறகு டெர்ரி ஸ்லாட்டரியுடன் சேர்ந்து டிடிசிபி என்ற நிரலை எழுதினார். ஒரு கணினி நினைவகத்திலிருந்து தரவை அள்ளி அனுப்பும், எதிரில் இருப்பது வாங்கிக் கொட்டிவிடும், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போனது என்று கணக்கு வரும். ஹார்டு டிஸ்க் மெதுவாக இருந்தாலும் கணக்கு கெடாது. இன்று பரவலாக இருக்கும் ஐபெர்ஃப் அந்த வழியில் வந்ததுதான். வெளியே இருக்கும் சர்வரைத் தொட்டு அளக்கும் ஸ்பீட் டெஸ்ட் தளங்களில், தாமதம் எந்த இடத்தில் என்று தெரியாது. ஐபெர்ஃப் வைத்து ஒரே அறையில் இரண்டு கணினிகளுக்கு நடுவே அளக்கலாம்.

நான் அதைச் செய்தது தாள் ஒட்டி மூன்று வாரம் கழித்து. லேப்டாப்புக்கும் பலகைக்கும் நடுவே, இன்டர்நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு அளந்தேன். 94.1. இணைப்புக் கொடுத்தவருக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு பை 4-ஐ இரவல் வாங்கி மூன்று பிளாக்கிலும் திரும்ப அளந்தோம். ஏ, சி இரண்டிலும் 290-க்குக் குறையவில்லை. பி பிளாக்கில் மட்டும் மறுபடியும் 94! இந்த முறை பலகையைக் குறை சொல்ல முடியாது. நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பி பிளாக் மாடிப்படிக் கேபிளில் அப்படித்தான் ஆகியிருந்தது. பெயின்ட் அடித்தபோது அந்தக் கேபிளை இழுத்து ஆணியடித்தது நம் ஆட்கள்.

புகார்க் கடிதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டோம். பி பிளாக் கேபிளைச் சங்கச் செலவில் மாற்றுகிறோம், கணக்கு அடுத்த இதழில் வரும். உங்கள் வீட்டில் அளக்கும்போது 93-க்கும் 95-க்கும் நடுவே எண் அசையாமல் நின்றால், முதலில் கேபிளையும் ரௌட்டர் சாக்கெட்டையும் பாருங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை சங்க அறையில் என்னைக் கேட்கலாம். லைன் பார்க்கும் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மாத முதல் சனிக்கிழமை வருவார்.