டோப்ரின்: விற்க முடியாத ஆட்டக்காரர்

ருமேனியக் கால்பந்து என்றதும் நம்மாட்களுக்கு ஞாபகம் வருவது ஹாஜி. 1994 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவைத் தோற்கடித்து காலிறுதி வரைக்கும் போன அணியின் கேப்டன். ஆனா ருமேனியாவில் பழைய ஆட்களிடம் கேட்டால் இன்னொரு பெயரும் சேர்ந்தே வரும்: நிக்கோலே டோப்ரின்.

1947 ஆகஸ்டில் பிட்டெஷ்டி என்கிற நகரத்தில் பிறந்தவர். தலைநகர் புக்கரெஸ்டுக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பிற்பாடு டாசியா கார் தொழிற்சாலை பக்கத்திலேயே வந்ததால் பெயர் தெரிந்த ஊர். 1962-லேயே, இன்னும் பள்ளிக்கூட வயசில், உள்ளூர் அணிக்காக முதல் டிவிஷனில் இறங்கிவிட்டார். அந்த அணிதான் 1967-ல் எஃப்சி ஆர்ஜெஷ் என்று பெயர் மாறியது. நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை ஓட்டுகிறவர். பெரிய வேகம் கிடையாது, எதிராளியை நிற்க வைத்துத் தாண்டுவதும், யாருக்கும் தெரியாத இடைவெளியில் பந்தை அனுப்புவதும்தான் அவர் கைவேலை (கால்வேலை?). 1966, 1967, 1971 என மூன்று முறை ருமேனியாவின் ஆண்டின் சிறந்த வீரர்.

இவரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை வரும். 1972 அக்டோபரில் ஐரோப்பியக் கோப்பைக்காக ரியல் மாட்ரிட் பிட்டெஷ்டிக்கு வந்தது. ஆர்ஜெஷ் 2–1 என்று ஜெயித்தது. டோப்ரின் ஒரு கோல். மாட்ரிட்டில் நடந்த மறு ஆட்டத்தில் ரியல் 3–1 என்று வென்று, மொத்தக் கணக்கில் 4–3-ல் தப்பித்தது. ரியலின் தலைவர் சாண்டியாகோ பெர்னபெயு டோப்ரினைக் கேட்டார், அதிபர் சௌசெஸ்கு "அவர் தேசத்தின் சொத்து, விற்பனைக்கு இல்லை" என்று மறுத்துவிட்டார். இதுதான் பிட்டெஷ்டியில் சொல்லப்படும் கதை. அதே டிசம்பரில், ரியலின் ஹென்டோவுக்கு நடந்த பிரிவு உபசார ஆட்டத்தில் டோப்ரின் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு ஆடினார். ஒரே ஒரு ஆட்டம்.

கதையில் பாதிதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விட்டுப்போன துண்டு ஸ்பெயின் பக்கம் இருக்கிறது. 1962 உலகக் கோப்பையில் சொதப்பிய பிறகு, வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் புதிதாக வாங்க ஸ்பெயின் தடை போட்டது. ஸ்பானிய வம்சாவளி என்று காட்டினால் மட்டும் விதிவிலக்கு. அந்தத் தடை 1973-ல்தான் நீங்கியது. பார்சிலோனா குரைஃபை வாங்கியதும், ரியல் ஜெர்மனியின் நெட்ஸரை வாங்கியதும் அந்தக் கோடையில்தான். ஆக, 1972-ல் சௌசெஸ்கு தலையாட்டியிருந்தாலும் மறுநாளே டோப்ரின் ஸ்பெயின் லீகில் ஆடியிருக்க முடியாது. ஒரு பக்கம் வெளியே விடாத அரசு, மறு பக்கம் உள்ளே விடாத விதி. ஒரு கதவு சில மாதத்தில் திறந்தது. இன்னொன்று திறக்க 17 வருஷம் ஆச்சு.

அந்தக் கதவு எப்படி வேலை செய்தது என்று பார்க்கணும். கம்யூனிஸ்ட் ருமேனியாவில் கால்பந்துக்காரர் காகிதத்தில் அமெச்சூர். சம்பளம் ஏதாவது ஆலையிலோ, ராணுவத்திலோ, அமைச்சகத்திலோ இருந்து வரும். ஸ்தியாவா ராணுவத்தின் அணி, தினமோ உள்துறை அமைச்சகத்தின் அணி. ஒப்பந்தமே இல்லாதவரை எப்படி விற்பது? பாஸ்போர்ட்டும் அரசின் கையில். போகணும்னா ஓடித்தான் போகணும். நடுக்கள வீரர் மார்செல் ரடுகானு 1981-ல் மேற்கு ஜெர்மனிக்கு ஆடப் போன இடத்தில் தங்கிவிட்டார். பிறகு டார்ட்மண்டுக்கு ஆடினார். பெலோடெடிச் 1988-ல் யூகோஸ்லாவியாவுக்குப் போனார். இரண்டு பேருக்கும் ஊரில் ஆள் இல்லாமலே சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. டோப்ரின் ஓடவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் சௌசெஸ்கு தலையில் கட்டவும் முடியாது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு ருமேனியா 32 வருஷம் கழித்துத் தகுதி பெற்றிருந்தது. பிரேசில், இங்கிலாந்து, செக்கோஸ்லோவாகியா என்று கொடூரமான குரூப். இங்கிலாந்திடம் 0–1, செக்கோஸ்லோவாகியாவை 2–1, பிரேசிலிடம் 2–3. இந்த மூன்று ஆட்டத்திலும் டோப்ரின் ஒரு நிமிஷம்கூடக் களம் இறங்கவில்லை. 22 வயசு, உடம்பும் ஆட்டமும் சேர்ந்து நிற்கிற வயசு. பயிற்சியாளர் ஆங்கெலோ நிக்குலெஸ்கு பந்தைக் கையகப்படுத்தி நேரம் கடத்தும் கட்டுப்பாடான ஆட்டத்தை நம்பியவர். மனசுக்குத் தோன்றியபடி ஆடுகிற ஆளுக்கு அதில் இடமில்லை. அடுத்த இரண்டு உலகக் கோப்பைக்கும் ருமேனியா தகுதி பெறவில்லை. 48 சர்வதேச ஆட்டம் ஆடியவர் உலகக் கோப்பையில் ஒன்றுகூட ஆடாமல் போனது இப்படித்தான்.

அப்போ இது வீணாய்ப்போன வாழ்க்கையா? பிட்டெஷ்டி மக்கள் ஒத்துக்க மாட்டார்கள். ஆர்ஜெஷ் 1972-ல் முதன்முறை லீக் பட்டம் வென்றது. இரண்டாவது பட்டம் 1979-ல். கடைசிச் சுற்றில் புக்கரெஸ்டுக்கே போய் தினமோவை 4–3 என்று வீழ்த்தினார்கள். கடைசி நிமிடங்களில் வெற்றி கோலை அடித்தவர் 31 வயசு டோப்ரின். அமைச்சகத்து அணியை அதன் ஊரிலேயே ஒரு மாவட்ட அணி தோற்கடிப்பது அங்கே சாதாரண விஷயம் இல்லை. அந்த க்ளப் இதுவரை வென்ற லீக் பட்டங்கள் இந்த இரண்டுதான். இரண்டிலும் டோப்ரின் இருக்கிறார்.

ஆனா இதை வைத்து "போகாததே நல்லதாப் போச்சு" என்று முடிக்க எனக்கு மனசு வரலை. தங்கியிருப்பது அழகான முடிவுதான், அது அவர் எடுத்த முடிவாக இருந்தால். அவரிடம் யாரும் கேட்கவே இல்லையே. 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தது. அடுத்த கோடையில் ஹாஜி ரியல் மாட்ரிட்டுக்கும், போப்பெஸ்கு ஐந்தோவனுக்கும், லுப்பெஸ்கு லெவர்குசெனுக்கும், லகதூஷ் ஃபியோரென்டினாவுக்கும் போனார்கள். ஹாஜிக்கு அப்போ வயசு 25. மாட்ரிட் பிட்டெஷ்டிக்கு வந்தபோது டோப்ரினுக்கும் 25-தான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது திறமை வித்தியாசம் இல்லை, பிறந்த வருஷம்.

டோப்ரின் 2007 அக்டோபரில், 60 வயதில் இறந்தார். பிட்டெஷ்டி மைதானத்துக்கு இப்போது அவர் பெயர். யூட்யூபில் தேடினால் மங்கலான கறுப்பு வெள்ளைத் துணுக்குகள் கொஞ்சம் கிடைக்கும். கோலை மட்டும் பார்க்காதீங்க. பந்து வருவதற்கு முன்னாடி அவர் ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்க்கிறதைக் கவனிங்க.