ஒரு பாட்டுப் புலவர்களும் ஓர் ஆட்ட வீரர்களும்

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் வாயிலைக் கடக்கும்போது, நம் ஊரார் எல்லோரும் அறிந்த ஒரு செய்தி நினைவுக்கு வரும். பதினைந்தாம் நூற்றாண்டில் இக்கோயிலை எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், தன் பெருமையைப் பாடிக்கொள்ளும் கல்வெட்டை மட்டும் விட்டுச் செல்லவில்லை. வருங்காலத்தில் இக்கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காக்கப்போகிறவர் எவரோ அவர் அடியில் தான் பணிவதாகக் கல்லிலே பொறித்து வைத்தான். பிற்காலத்தில் கோபுரம் சிதைந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990ஆம் ஆண்டில் அது மீண்டும் முழுமை பெற்று எழுந்தது. ஒரு மன்னன் முன்கூட்டியே வணங்கிய கைகள், ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தன.

மறதிக்கு எதிராக மனிதன் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பின்னால் வருபவரை நம்புவது. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதப் புகுந்தவன், கோயிலையும் கல்வெட்டையும் முதலில் இழுப்பானேன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு.

நம் குறுந்தொகையில் ஒரே ஒரு பாட்டால் மட்டும் வாழ்கின்ற புலவர்கள் பலர். அவர்களுள் சிலருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. தொகுத்தவர்கள் அதற்காக அவர்களைத் தள்ளிவிடவில்லை. அவர்கள் பாட்டில் இருந்த அழகிய தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், மீனெறிதூண்டிலார், விட்டகுதிரையார் என்று அப்பெயர்கள் இன்றும் ஒளிர்கின்றன. எத்தனை பாட்டுப் பாடினான் என்று எண்ணாமல், பாடிய ஒன்று எப்படி இருந்தது என்று பார்த்த மரபு நம்முடையது. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. நடத்திய சபைகளில் ஒரே செய்யுள் ஒரு மாலைப் பொழுது முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்று கேட்டிருக்கிறோம். அந்தக் கண்ணைக் கொண்டு, சென்னை மாநிலத்தின் பழைய கிரிக்கெட் வீரர்கள் சிலரைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நினைக்கத் தக்கவர் எம்.ஜே. கோபாலன். செங்கற்பட்டுப் பகுதியில் மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்த ஆங்கிலேயர்களுள் ஒருவரான சி.பி. ஜான்ஸ்டனின் கண்ணில் பட்டு, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் பெற்று, வேகப்பந்து வீச்சாளராக உயர்ந்தவர். 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கம் மைதானத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் வரலாறே அந்த ஆட்டத்தில்தான் தொடங்கியது. அதன் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அதற்கு முன், அவ்வாண்டு சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவர் ஆடியிருந்தார். அதுவே அவருடைய முதல் டெஸ்ட், அதுவே கடைசியும்.

கோபாலன் கிரிக்கெட்டில் மட்டும் வல்லவர் அல்லர். ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1935இல் தியான் சந்த் முதலியோருடன் நியூசிலாந்துக்குச் சென்று வந்தவர். மறு ஆண்டு அவர் முன் இரண்டு கப்பல்கள் நின்றன எனலாம். ஒன்று பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் ஹாக்கி அணியுடையது. மற்றது இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணியுடையது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் மூன்று டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தன. ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். அன்று பெர்லினில் இந்திய ஹாக்கி அணி செருமனியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அதே நாளில் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. களம் இறங்கிய பதினொருவரில் கோபாலன் இல்லை. விதியின் விளையாட்டு என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு பகற்பொழுதை அந்த இளைஞர் எப்படிக் கழித்திருப்பார் என்பதை எந்த ஸ்கோர் புத்தகமும் சொல்லாது. ஆனால் அவர் ஆட்டத்தை விட்டு ஒதுங்கவில்லை. சென்னைக்காக ஆண்டுக்கணக்கில் ஆடினார். அவர் பெயராலேயே 1950களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கியது. டெஸ்ட் தகுதி பெறாத அந்நாளைய இலங்கை வீரர்களுக்கு அது அரிய பயிற்சிக் களமாயிற்று. இலங்கை 1982இல் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது, அந்த வெற்றிலைக் கொடிக்குப் பல ஆண்டுகள் கொழுகொம்பாக நின்றவற்றுள் ஒன்று ஒரே ஒரு டெஸ்ட் ஆடிய ஒரு தமிழரின் பெயர் தாங்கிய கோப்பை. கோபாலன் 2003ஆம் ஆண்டு டிசம்பரில், தொண்ணூறைக் கடந்த முதுமையில், சென்னையில் மறைந்தார்.

அந்த முதல் ரஞ்சி ஆட்டத்துக்கு மீண்டும் வருவோம். அது ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் அணி 48, 59 என்று இருமுறையும் சுருண்டது. அதைச் சுருட்டியவர் ஏ.ஜி. ராம்சிங் என்னும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். முதல் இன்னிங்சில் 19 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். இரண்டாவதில் 16 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். அமிர்தசரசில் பிறந்த சீக்கியர்; ஆயினும் சென்னையே அவருக்குச் சொந்த ஊராயிற்று. கோபாலனுக்கு ஒரு டெஸ்டாவது கிடைத்தது. ராம்சிங்குக்கு முறையான டெஸ்ட் ஆட்டம் ஒன்றும் கிடைக்கவில்லை. தொகையில் இடம்பெறாமல் போன ஏட்டுச் சுவடி போன்றவர் அவர். எனினும் சுவடியின் எழுத்து மக்களிடம் படிந்தது. அவர் மகன் கிருபாள் சிங் 1955ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள் எடுத்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1954-55 பருவத்தில், பாலு அழகனன் தலைமையில் சென்னை அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. இந்தூரில் ஓல்கர் அணியை வீழ்த்திய அந்த இறுதி ஆட்டத்தில் மட்டையாலும் பந்தாலும் தோள் கொடுத்தவர் இதே கிருபாள். அவர் தம்பி மில்கா சிங்கும் இந்தியாவுக்காக நான்கு டெஸ்டுகள் ஆடினார். தந்தைக்குத் திறக்காத கதவு மக்களுக்குத் திறந்தது.

சி.ஆர். ரங்காச்சாரி காவல்துறையில் பணியாற்றியவர். வேகப்பந்து வீச்சாளர். 1948ஆம் ஆண்டு சனவரியில் அடிலெய்டில் பிராட்மன் இரட்டைச் சதம் அடித்த டெஸ்டில் பந்து வீசியவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டு நவம்பரில் தில்லியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி முதன்முறையாக இந்திய மண்ணில் டெஸ்ட் ஆட வந்தது. 27 ஓட்டங்களுக்குள் அவ்வணியின் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார் ரங்காச்சாரி. அதன் பிறகு நால்வர் சதம் அடித்து, மொத்தம் 631 ஓட்டங்களைக் குவித்தார்கள். அந்த வெள்ளத்தின் நடுவே 107 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் என்பது ரங்காச்சாரியின் கணக்கு. குற்றாலத்தில் பேரருவி பொங்கி வளைவைத் தாண்டிக் கொட்டும் நாளில், அதற்குள் ஒருவன் கால் பெயராமல் நின்றதைப் போன்றது இது. அவர் ஆடிய டெஸ்டுகள் நான்கே.

லெக் ஸ்பின் வீச்சாளர் வி.வி. குமாரின் கதை இன்னும் வியப்பானது. 1961ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்சிலேயே 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் மேலும் ஒரு டெஸ்ட். அத்துடன் முடிந்தது. ரஞ்சிக் கோப்பையில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய கைக்கு, இந்திய அணியில் மூன்றாவது ஆட்டம் வாய்க்கவில்லை. டி.ஈ. சீனிவாசன் 1981இல் ஆக்லாந்தில் ஆடிய ஒரே டெஸ்டோடு நின்றார்.

இவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று வழக்காடுவது என் எண்ணமன்று. பதினொருவரே ஆடக்கூடிய ஆட்டத்தில் பன்னிரண்டாமவன் எப்போதும் உண்டு. நான் சொல்ல விழைவது வேறு. கணக்கு என்பது ஒருவகை நினைவு. ஆனால் அது குறைநினைவு. 1972-73 ரஞ்சி இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சேப்பாக்கத்தில் பம்பாயை எதிர்த்த தமிழ்நாடு, பத்மாகர் சிவால்கரின் சுழலில் சிக்கி 80, 61 என்று வீழ்ந்தது. கணக்கைப் பார்ப்பவன் தோல்வி என்று சொல்லி ஏட்டை மூடிவிடுவான். அந்த ஆட்டத்தில்தான் தமிழ்நாட்டின் பி. கல்யாணசுந்தரம் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்தினார். தோற்ற பக்கத்தில் நின்றதனால் அந்த மூன்று பந்துகளின் அழகு குறைந்துவிடுமா?

கடல் கடந்த தமிழர் ஒருவரையும் இங்கே சேர்க்கத்தான் வேண்டும். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக இலங்கைக்காக 215 ஓட்டங்கள் அடித்தவர் மகாதேவன் சதாசிவம். தம் நாட்டுக்கு டெஸ்ட் தகுதி கிடைக்கும் முன்பே, 1977இல், மறைந்துவிட்டார். எனவே டெஸ்ட் பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை. அன்று சேப்பாக்கத்தில் மர நிழலில் அமர்ந்து பார்த்தவர்கள், அவர் எதிரணி என்பதை மறந்து பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. சுவை அறிந்தவனுக்கு எதிரணி கிடையாது.

நம் தென்காசிக்கும் சேப்பாக்கத்துக்கும் நெடுந்தொலைவு. நம்மில் பெரும்பாலோர் இவர்களைக் கண்ணால் கண்டதில்லை, காதால் கண்டோம். பொங்கலையொட்டிச் சென்னையில் டெஸ்ட் நடக்கும் நாள்களில், தேநீர்க் கடை வானொலியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஆங்கில வர்ணனை பாதி புரியும். மீதியைக் கூட்டத்தின் ஆரவாரம் புரியவைக்கும். பின்னர்த் தமிழிலேயே நேர்முக வர்ணனை ஒலித்தபோது, சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலில் நம் நெல்லைச் சீமையின் வாசம் இருப்பதாக நமக்கு ஒரு பெருமிதம். செவி வழியே ஆட்டத்தைச் சுவைத்த அந்தப் பழக்கம், செய்யுளை ஓதக் கேட்டுச் சுவைத்த பழக்கத்துக்குத் தூரத்து உறவன்று, உடன்பிறப்பே.

கேட்ட ஆட்டத்தை மறுநாளே வயலில் ஆடிப் பார்த்தோம். பிசான அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் வயலே மைதானம். தென்னை மட்டையைச் சீவினால் பந்தடிக்கும் மட்டை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது எங்களுக்காகத்தான் என்று அன்று நம்பினோம். பந்து சிற்றாற்றில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அந்த வயல்களிலும் ஒரு கோபாலன் இருந்தான். ஒரு குமார் இருந்தான். அவர்கள் வீசிய பந்துகளுக்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை. 2016 முதல் நெல்லையை அடுத்த சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் விளக்கொளியில் நடந்து, தொலைக்காட்சியில் உலகமே பார்க்க வழி பிறந்தது. இன்று ஆடும் இளைஞனின் ஒவ்வொரு பந்தும் படமாகிப் பதிவாகிறது. அவனுக்கு மறதியைப் பற்றிய கவலை குறைவு. கவலை, வானொலிக்கும் முந்திய தலைமுறையைப் பற்றியது. அவர்களைக் கண்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பத்தாம் ஆண்டு காணும் நம் வட்டத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். கவிதைக்கும் கதைக்கும் ஒதுக்கும் மாலைகளில் ஆண்டுக்கு ஒன்றை, நம் ஊரின் பழைய ஆட்டக்காரர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்பதற்கு ஒதுக்குவோம். கிரிக்கெட் மட்டுமன்று, சடுகுடு, கைப்பந்து, சிலம்பம் எதுவாயினும் சரி. அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வோம். பெயர் மறந்துபோன வீரனுக்கு, அவன் ஆட்டத்தில் நினைவில் நிற்கும் ஒன்றை எடுத்துப் பெயராகச் சூட்டுவோம். செம்புலப்பெயனீராரை நமக்குத் தந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

கோயிலைக் கட்டிய பாண்டியன் நம்மை அறியான், ஆனாலும் வணங்கினான். கட்டியவனுக்குக் காப்பவன் எவ்வளவு முக்கியம் என்பதை அவன் அறிந்திருந்தான். கல்கத்தாவில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடிவிட்டுத் திரும்பிய கோபாலனும், தாள் வயலில் பந்து வீசிவிட்டு வீடு திரும்பிய நம் ஊர்ப் பையனும் அப்படி எதையும் கல்லில் எழுதி வைக்கவில்லை. கேளாமலே செய்ய வேண்டிய கடன் அது.