கிழக்குத் திமோரின் 24 ஆண்டுகள்

படையெடுப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படை நடந்த வழியையே எழுதுவர். எந்தக் கரையில் இறங்கினர், எந்த நகர் வீழ்ந்தது, எந்நாளில் கொடி ஏறியது என்பனவே ஏடுகளில் இடம்பெறும். 1975ஆம் ஆண்டில் இந்தோனேசியா தன் அண்டை நாடாகிய கிழக்குத் திமோர் மீது நடத்திய படையெடுப்பை அவ்வாறு மட்டும் படித்தால், அங்கு நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதி கண்ணில் படாமலே போய்விடும்.

டிலி நகரில் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2005ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. 1974 முதல் 1999 வரை நடந்த பூசல்களால் மாண்டோர் குறைந்த அளவில் 102,800 பேர் என்பது அதன் கணிப்பு. அவருள் கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 18,600 பேர். பசியாலும் நோயாலும் இயல்புக்கு மேல் இறந்தோர் ஏறத்தாழ 84,200 பேர். படையெடுப்புக்கு முன் அந்நாட்டின் மக்கள்தொகையே 7 இலட்சத்திற்குக் குறைவு. இக்கணக்கு வெறும் ஊகமன்று. ஏறக்குறைய 8 ஆயிரம் பேரின் வாக்குமூலங்களைப் பெற்றதுடன், இடுகாடுதோறும் சென்று 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட கல்லறைகளையும் பதிவு செய்து, வீடுவீடாகவும் விசாரித்து, அவற்றை ஒப்பிட்டே ஆணைக்குழு இம்முடிவுக்கு வந்தது. கொலையுண்டோர் ஒருவருக்கு நால்வருக்கு மேற்பட்டோர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர் என்பது இதனால் விளங்கும். வானம் பொய்த்து வந்த பஞ்சமன்று அது.

திமோர்த் தீவின் மேற்பகுதி டச்சுக்காரர் வசமிருந்து, பின் இந்தோனேசியாவின் பகுதியாயிற்று. கீழ்ப்பகுதி, சந்தன மரத்தை நாடி வந்த போர்த்துகீசியரிடம் நானூறு ஆண்டுக்கும் மேலாகத் தொடர்புற்றிருந்தது. 1974 ஏப்ரலில் லிஸ்பன் நகரில் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்ததும், குடியேற்ற நாடுகளுக்கு விடுதலை வரும் என்னும் நிலை தோன்றியது. திமோரில் கட்சிகள் எழுந்தன. அவற்றுள் பிரெத்திலினும் திமோர் சனநாயக ஒன்றியமும் பெரியவை; இந்தோனேசியாவுடன் இணைய விரும்பிய அப்போதெத்தி சிறியது. 1975 ஆகஸ்டில் பெரிய கட்சிகள் இரண்டும் மோதிக்கொண்டன. அவ்வுள்நாட்டுப் போரில் 1,500 முதல் 3,000 பேர் வரை மாண்டனர். வென்ற பிரெத்திலின் நவம்பர் 28இல் விடுதலையை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, தோற்ற கட்சியினரும் பிறரும் இந்தோனேசியாவுடன் இணைப்பை வேண்டி ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். அதற்குப் ‘பாலிபோ அறிக்கை’ என்று பெயர். பாலிபோ திமோரின் எல்லையிலுள்ள ஓர் ஊர். கையொப்பமிட்ட இடமோ பாலித் தீவு!

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் வானிலிருந்தும் கடலிலிருந்தும் இந்தோனேசியப் படை டிலியில் இறங்கியது. அச்செயலுக்குத் தளபதிகள் இட்ட பெயர் ‘செரோஜா’. தமிழர் பெண்மக்களுக்குச் சரோஜா என்று இட்டு வழங்கும் அதே வடசொல்தான். தாமரை என்பது பொருள். நகரின் துறைமுக மேடையில் ஆணும் பெண்ணும் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தனர். அங்கு மாண்டோருள் பிரெத்திலின் அரசின் தலைமையமைச்சர் நிக்கோலாவ் லொபாத்தோவின் மனைவி இசபெல் ஒருவர். ஆஸ்திரேலியச் செய்தியாளர் ரோஜர் ஈஸ்ட் மற்றொருவர். முதல் நாள்தான் அமெரிக்க அதிபர் ஜெரால்டு போர்டும் வெளியுறவுச் செயலாளர் ஹென்றி கிசிஞ்சரும் ஜாகர்த்தாவில் அதிபர் சுகார்த்தோவுடன் உரையாடியிருந்தனர். அவ்வுரையாடலின் குறிப்பு 2001இல் முழுமையாக வெளிவந்தது. அமெரிக்கா குறுக்கே நில்லாது என்பதை இருவரும் உணர்த்தினர் என்றும், தாங்கள் நாடு திரும்பிய பின்னர் நடப்பது நலம் எனக் கிசிஞ்சர் கருதினார் என்றும் அதனால் தெரிகிறது. அவ்வாண்டு ஏப்ரலில்தான் சைகோன் வீழ்ந்திருந்தது. பொதுவுடைமை அச்சமே அன்று பல தலைநகரங்களின் அரசியலாக இருந்தது.

நகரம் வீழ்ந்தது, நாடு வீழவில்லை. மக்களில் பெரும்பகுதியினர் பிரெத்திலினைத் தொடர்ந்து மலைக்குச் சென்றனர். அங்கே மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டனர், பள்ளியும் நடத்தினர். முதலிரண்டு ஆண்டுகளில் அவ்வுணவு ஒருவாறு போதுமானதாக இருந்தது. 1977இன் பிற்பகுதியில் படையினர் மலைகளை ஒவ்வொன்றாகச் சூழ்ந்து நெருக்கத் தொடங்கினர். அமெரிக்கா வழங்கிய வானூர்திகள் குண்டு வீசின. வயல் எரிந்தது, எருமைகள் மாண்டன, ஓடிக்கொண்டேயிருப்போர் விதைப்பது எங்ஙனம்? கிழக்கிலுள்ள மத்தெபியான் மலை கடைசிப் பெரும் புகலிடம். தெத்தும் மொழியில் அப்பெயருக்கு மாண்டோர் ஆவிகள் என்பது பொருள். முன்னோர் உறையும் இடமாக மக்கள் போற்றிய அம்மலை 1978 நவம்பரில் வீழ்ந்தது. ஆண்டின் இறுதி நாளில் லொபாத்தோவும் கொல்லப்பட்டார்.

பசியின் உச்சம் அதன் பின்னரே வந்தது என்பதுதான் கருதத்தக்கது. சரணடைந்து இறங்கிய மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். முகாமின் எல்லையைத் தாண்டிச் சென்று பயிரிடவோ கிழங்கு தோண்டவோ இசைவில்லை. போராளியையும் மக்களையும் பிரிப்பதே நோக்கம். மலாயாவில் 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி எழுந்த புதுக்கிராமங்களை இவ்வட்டார வாசகர் அறிவர். பிரிக்கும் எண்ணம் அங்கும் இதுவே. ஆயினும் திமோரில், ஏற்கெனவே எலும்பும் தோலுமாய் வந்தவர்களைக் கூட்டி வைத்துவிட்டு, அவர்கட்கு உணவும் மருந்தும் தராமல், தாமே தேடிக்கொள்ளவும் விடாமல் வைத்திருந்தனர். அனைத்துலகச் செஞ்சிலுவைச் சங்கம் பெரிய அளவில் உதவிப் பணி தொடங்க இசைவு கிடைத்தது 1979இல்தான். அதற்குள் 1978, 1979 ஆகிய ஆண்டுகளின் பெருஞ்சாவு நிகழ்ந்துவிட்டது. குழந்தைகளும் முதியோரும் முதலில் மறைந்தனர்.

1981இல் மீண்டும் ஒரு கொடுமை. ‘பாகார் பெத்திஸ்’ என்பது அதன் பெயர். மலாய் மொழி அறிந்தோர்க்குப் பொருள் உடனே விளங்கும்: கெண்டைக்கால் வேலி. பல்லாயிரம் ஆடவரையும் சிறுவரையும் வரிசையாக நிறுத்தி, காட்டையும் மேட்டையும் கடந்து நடக்கச் செய்து, ஒளிந்திருந்த போராளிகளை வளைக்க முயன்றனர். படைவீரர் பின்னே வந்தனர். நிலத்தைப் பண்படுத்த வேண்டிய கைகள் அனைத்தும் அவ்வேலியில் நின்றதால் பல ஊர்களில் மறுபடியும் உணவு குறைந்தது. போராளிகளின் உறவினர் சில ஆயிரவர் அத்தாவுரோ என்னும் வறண்ட தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். பிரெத்திலின் தன் உட்பகையால் செய்த கொலைகளையும் ஆணைக்குழு மறைக்கவில்லை. எனினும் கொலைகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு இந்தோனேசியப் படையையும் அதன் துணைப் படைகளையும் சார்ந்தவை என்றே அது கண்டது.

உலக மன்றத்தில் நடந்தது வேறு. 1975 டிசம்பர் 12இல் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை, படையைத் திரும்பப் பெறுமாறு தீர்மானித்தது. ஆதரித்தோர் 72, எதிர்த்தோர் 10, வாக்களியாதோர் 43. மலேசியாவும் இந்தியாவும் எதிர்த்தன. சிங்கப்பூர் வாக்களியாது ஒதுங்கியது. அதற்கே ஜாகர்த்தா சினம் கொண்டது. பாதுகாப்பு மன்றமும் அவ்வாறே இருமுறை தீர்மானித்தது. இந்தோனேசியா 1976 ஜூலை 17இல் திமோரைத் தன் 27ஆவது மாநிலமாக்கிக் கொண்டது. ஆண்டுதோறும் பொதுச் சபையில் ஆதரவு சுருங்கியது. 1982இல் ஆதரவு 50, எதிர்ப்பு 46, ஒதுங்கல் 50. அதன் பின் வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஆயினும் அவ்விணைப்பை ஐக்கிய நாட்டுச் சபை ஒருபோதும் ஏற்கவில்லை. காகிதத்தில் கிடந்த அம்மறுப்பு, பிற்காலத்தில் பெரும் பயன் தந்தது.

ஆட்சியாளர் எதிர்பாராத விளைவு மொழியிலும் சமயத்திலும் தோன்றியது. தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்கத்தக்க பகுதி இது. திமோரில் பல மொழிகள் உண்டு. தெத்தும் சந்தை மொழியாக அவற்றை இணைத்து வந்தது. எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. அவர்கள் அறிந்தது போர்த்துகீசியம். புதிய ஆட்சி போர்த்துகீசியத்தைப் பள்ளியிலிருந்து விலக்கி, இந்தோனேசிய மொழியைப் பயிற்றுமொழியாக்கியது. கத்தோலிக்கத் திருச்சபை வழிபாட்டில் போர்த்துகீசியத்தைக் கைவிட நேர்ந்தபோது, இந்தோனேசிய மொழியை ஏற்காமல் தெத்துமைத் தேர்ந்தது; 1981இல் வாத்திகன் அதற்கு இசைவளித்தது. சந்தையில் பேசிய மொழி பலிபீடம் ஏறியது. இந்தோனேசியச் சட்டப்படி ஒவ்வொருவரும் அரசு ஏற்ற சமயங்களுள் ஒன்றைச் சார்ந்திருக்க வேண்டும். முன்னோர் வழிபாடு அக்கணக்கில் சேராது. ஆகவே மக்கள் கூட்டங்கூட்டமாகக் கத்தோலிக்கராயினர். 1975இல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்திருந்த கத்தோலிக்கர், நூற்றாண்டின் இறுதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலாயினர். தனித்தனி ஊராகவும் குலமாகவும் வாழ்ந்தவர்க்கு ஒரே மொழியும் ஒரே கோயிலும் வாய்த்தன. ஒரு மாநிலத்தை உருவாக்க முனைந்தவர்கள், தம்மை அறியாமலே ஒரு தேசிய இனத்தை உருவாக்கினர் என்று கூறுவது மிகையாகாது. இந்தோனேசிய மொழி பயின்ற இளைஞரும் அதனை வீணாக்கவில்லை. அம்மொழியிலேயே தம் வழக்கை ஜாவாவின் மாணவர்க்கு எடுத்துரைத்தனர்.

1991 நவம்பர் 12இல் டிலியின் சாந்தா குரூஸ் இடுகாட்டில், கொலையுண்ட இளைஞர் ஒருவரின் நினைவாகக் கூடியோர் மீது படையினர் சுட்டனர். மாண்டோர் 271 பேர் எனத் திமோரியர் பட்டியலிட்டனர். அரசு விசாரணை ஏறக்குறைய 50 என்றது. மலேசியத் தந்தைக்கும் நியூசிலாந்துத் தாய்க்கும் பிறந்த மாணவர் கமால் பமாதாஜும் அன்று உயிரிழந்தார். ஆங்கிலேயரான மேக்ஸ் ஸ்டால் எடுத்த படச்சுருளைக் கல்லறையொன்றில் மறைத்து வைத்துப் பின் வெளிநாட்டுக்கு அனுப்பினார். பதினாறு ஆண்டு காணாததை உலகம் சில நிமிடப் படத்தில் கண்டது. எனினும் அண்டை நாடுகளில் இது பேசத்தகாத பொருளாகவே இருந்தது. 1996 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய திமோர் மாநாட்டை ஒரு கும்பல் உட்புகுந்து கலைத்தது.

1997இன் பொருளியல் நெருக்கடியில் சுகார்த்தோவின் ஆட்சி ஆட்டங்கண்டு, 1998 மே 21இல் முடிந்தது. அடுத்து வந்த அதிபர் ஹபீபி மக்கள் கருத்தறிய இசைந்தார். 1999 ஆகஸ்டு 30இல் பதிவு பெற்றோரில் 98 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். 78.5 விழுக்காட்டினர் தன்னாட்சித் திட்டத்தை மறுத்து, விடுதலையைத் தேர்ந்தனர். அதற்குரிய தண்டனையும் உடனே வந்தது. படையின் ஆதரவு பெற்ற குழுக்கள் ஊர்களை எரித்தன. அவ்வாண்டில் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டனர். பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் கூரையிழந்தன. இடைநிலைப் பள்ளி ஆசிரியருள் பெரும்பாலோர் இந்தோனேசியர். அவர்கள் சென்றுவிட, கரும்பலகையும் ஆசிரியரும் ஒருங்கே இல்லாத நாடாயிற்று அது. செப்டம்பர் 20இல் ஆஸ்திரேலியத் தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கியது. தாய்லாந்து, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர் வீரரும் அதில் இருந்தனர். ஐக்கிய நாட்டுச் சபையின் நிருவாகத்திற்குப் பின், 2002 மே 20இல் விடுதலை நிலைநாட்டப்பட்டது. அரசியலமைப்பு தெத்துமையும் போர்த்துகீசியத்தையும் ஆட்சிமொழிகளாக்கியது. இந்தோனேசிய மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் அலுவல் மொழி என்னும் இடம் தந்தது.

நீதி மட்டும் அவ்வாறு நிலைபெறவில்லை. ஜாகர்த்தாவில் 18 பேர் மீது வழக்கு நடந்தது. அறுவர் தண்டிக்கப்பெற்று, பின்னர் அவர்களும் விடுவிக்கப்பட்டனர். டிலி அரசும் வற்புறுத்தவில்லை. தீவின் மறுபாதி அண்டை நாட்டின் கையிலிருக்க, அரிசியும் துணியும் அங்கிருந்தே வர, சிறிய நாடு பகையைத் தொடர்வது எளிதன்று. இரு நாடுகளும் சேர்ந்தமைத்த உண்மை, நட்புறவு ஆணைக்குழு 2008இல் அறிக்கை தந்தபோது, இரு நாட்டு அதிபர்களும் வருத்தம் தெரிவித்தனர்.

2025 அக்டோபர் 26இல் கோலாலம்பூரில் கூடிய மாநாட்டில் திமோர் லெஸ்தே ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடாயிற்று. இந்தோனேசியாவும் அதனை ஆதரித்தது. டிலிக்கு வரும் வெளிநாட்டுத் தலைவர்கள் இறங்கும் வானூர்தி நிலையத்திற்கு நிக்கோலாவ் லொபாத்தோவின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. 1978 டிசம்பர் 31இல் படையினர் கொண்டு சென்ற அவருடைய உடல் இன்னும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படவில்லை.